நரம்பும் தசையும்



கிணற்றில் மோட்டார் நன்றாக இருக்கிறது. ஆனால் மின்கம்பி அறுந்துவிட்டது. தண்ணீர் வருமா? வராது.

நம் தசையும் அந்த மோட்டார் போலத்தான். மூளை கட்டளை இடுகிறது. அது முதுகெலும்புக்குள் இருக்கும் தண்டுவடம் வழியாக இறங்குகிறது. அங்கிருந்து நரம்பு அதைத் தசைக்குக் கொண்டு போகிறது. கால் நகர்கிறது.

இந்த வழி இரண்டு விதமாகக் கெடலாம்.

ஒருவர் மரத்திலிருந்து விழுகிறார். தண்டுவடம் நசுங்குகிறது. அதற்குக் கீழே நரம்பும் தசையும் சேர்ந்தே இருக்கின்றன. மூளையின் கட்டளைதான் வருவதில்லை. சில வாரங்களில் கால் விறைக்கலாம். தானாகத் துள்ளலாம். கால் வந்துவிட்டது என்று வீட்டார் மகிழ்வார்கள். ஆனால் அது மூளை இட்ட கட்டளை அல்ல.

போலியோ வேறு விதம். தண்டுவடத்திலிருந்து தசைக்குச் செல்லும் நரம்பையே அந்தக் கிருமி அழிக்கிறது. தசை தளர்கிறது. பிறகு சூம்புகிறது.

போலியோவைத் தடுக்கச் சொட்டு மருந்து இருக்கிறது. அதனால்தான் 2014-ஆம் ஆண்டு இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்று பெற்றது. நசுங்கிய தண்டுவடத்தைப் பழையபடி ஆக்க மருந்து இல்லை. அது மேலும் நசுங்காமல் காக்க வேண்டும்.

விழுந்தவரைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்காதீர்கள். உட்கார வைக்காதீர்கள். ஆட்டோவில் மடக்கி ஏற்றாதீர்கள். தலையை அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். தூக்கியே ஆகவேண்டும் என்றால் நான்கைந்து பேர் சேருங்கள். தலை, கழுத்து, முதுகு ஒரே நேராக இருக்கும்படி பலகையில் கிடத்துங்கள்.

நாம் அவசரப்பட்டுத் தூக்கினால், நடக்க வேண்டியவர் நடக்க முடியாமல் போகலாம்.