பாக்குநீரிணையும் இழுவைமடியும்

(சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சைவ வாலிபர் கூடிய சபையிலே மீனைப் பற்றிப் பேச வருவது பொருந்துமா என்ற வினா பெரியோர் சிலர் முகத்தில் எழுவதைக் காண்கின்றோம். இங்கு கூடியிருப்போரில் மரக்கறிப் போசனம் அன்றி வேறொன்றை அறியாதவரும் உளர். வெள்ளிக்கிழமையும் கந்தசஷ்டியும் கழிந்ததும் மீன்சட்டியை அடுப்பேற்றும் இல்லத்தவரும் உளர். நண்டும் இறாலும் இல்லையேல் ஒடியற்கூழ் கூழேயன்று என வாதிடும் நண்பர் ஒருவர் முன்வரிசையிலேயே அமர்ந்திருக்கின்றார். இரு சாராருக்கும் ஒருங்கே உரிய செய்தி ஒன்றுண்டு. எமது வடகரைக்கு அப்பாற் கிடக்கும் கடல் அடியோடு வாரப்படுகின்றது என்பதே அது.

அக்கடல் ஆழ்கடலன்று. பாக்கு விரிகுடாவின் பெரும்பகுதி பத்துப் பதினைந்து மீற்றருக்கு மேற்படாத ஆழமுடையது. ஆதலாற் சூரிய ஒளி அடித்தரையைத் தொடுகின்றது. ஒளி தொடும் இடத்திலே கடற்புல் விளைகின்றது. கரையில் ஒதுங்கும் சாதாளையை அள்ளித் தோட்டத்துக்குப் பசளையாக இட்ட வழக்கத்தை முதியோர் அறிவர். கடலடியில் உள்ள அந்தப் புற்றரைதான் ஓரா மீனுக்கு மேய்ச்சல் நிலம், இறாற்குஞ்சுக்கும் நண்டுக்குஞ்சுக்கும் தொட்டில், கடற்பசுவுக்கு உணவு. கடற்பசு எமது நாட்டிலே 1970ஆம் ஆண்டு முதல் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்ற பிராணி. எதிர்க்கரையிலே தமிழ்நாட்டு அரசு 2022ஆம் ஆண்டில் 448 சதுர கிலோமீற்றர் கடற்பரப்பை அதற்கெனக் காப்பகமாக்கியது. மேய்ச்சல் நிலம் அழிந்தபின் மாட்டுக்குச் சட்டம் எழுதி என்ன பயன் என்று கேட்கத் தோன்றுகின்றது.

இனி இழுவைமடி யாது எனப் பார்ப்போம். அது பைபோன்ற ஒரு பெருவலை. அதன் வாயின் இரு பக்கத்திலும் பாரமான பலகைகள் இரண்டு கட்டப்பட்டிருக்கும். இயந்திரப்படகு விரைந்து இழுக்கையில் நீரின் விசையாற் பலகைகள் விலகி வாயைத் திறந்து வைத்திருக்கும். கீழ்விளிம்பிலுள்ள பாரமும் சங்கிலியும் தரையை உராய்ந்துகொண்டே செல்லும். சேற்றிற் பதுங்கிய இறாலைக் கிளப்புதற்காகவே இந்த ஏற்பாடு. எமது மூதாதையர் அறிந்த சிறகுவலையும் களங்கட்டியும் ஓரிடத்தில் நின்று மீன் வரும்வரை காத்திருப்பவை. இதுவோ தான் தேடிச் சென்று, கண்டது காணாதது யாவற்றையும் வழித்தெடுப்பது. நெற்கதிரை அறுப்பதற்கு அரிவாளை விட்டு, வரம்பையும் மேல்மண்ணையும் நாற்றுமேடையையும் சேர்த்து வாரிச் செல்லும் கமக்காரன் ஒருவனைக் கற்பனை செய்து பாருங்கள். மடியை மேலே தூக்கிக் கொட்டினால் விலைபோகும் இறால் ஒரு சிறு பங்கே. மிகுதியெல்லாம் பருவம் அடையாத மீன்குஞ்சு, நண்டு, நட்சத்திரமீன், வேரோடு பிடுங்கிய புல். அவற்றில் ஒரு பகுதி செத்தபடியே கடலுக்குத் திரும்பும். மற்றொரு பகுதி உலர்ந்து தூளாகிக் கோழித்தீனாகும்.

இது புதிய முறைப்பாடன்று. 1376ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் மீனவர் தங்கள் அரசரிடம் மனுக் கொடுத்தனர். கடலடியை வாரும் ஒருவகை வலை புதிதாக வந்திருக்கின்றது, அதன் கண்கள் மிகச் சிறியன, அகப்படும் சிறுமீனை என்ன செய்வதென்று அறியாமற் பன்றிக்கு இட்டுக் கொழுக்க வைக்கின்றனர் என்பது அம்மனுவின் சாரம். அறுநூற்றைம்பது ஆண்டு கழிந்தும் பன்றியின் இடத்திற் கோழி நிற்பதொன்றே மாற்றம்.

நிற்க. இந்த மடி எமது கடலுக்கு எப்படி வந்தது? 1952ஆம் ஆண்டில் இந்தியாவும் நோர்வேயும் ஐக்கிய நாடுகள் சபையும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. கேரளக் கரையிலுள்ள ஏழை மீனவரின் வாழ்வை உயர்த்துவதே அதன் நோக்கம். நோக்கத்திற் குறைகாண முடியாது. ஆனால் இறாலுக்கு அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பெருவிலை உண்டென்று தெரியவந்ததும் காரியம் திசைமாறிற்று. மீனவனின் சோற்றுக்காகத் தொடங்கியது ஏற்றுமதிக்கான தொழிலாயிற்று. இழுவைப்படகுகள் பெருகின, தமிழ்நாட்டுக் கரைக்கும் பரவின. அங்கே அருகிலுள்ள கடல் வறியதாகவே படகுகள் கிழக்கு நோக்கி வரத் தொடங்கின. இங்கோ யுத்த காலத்திற் கடலுக்குள் இறங்கவே எமது மக்களுக்குத் தடை இருந்தது. 2009ஆம் ஆண்டுக்குப் பின் கடன்பட்டு வலையும் வள்ளமும் வாங்கித் தொழிலுக்கு மீண்ட வடபகுதி மீனவர், தங்கள் கடலிலே வேறு படகுகளின் வெளிச்சத்தைக் கண்டனர். இழுவைப்படகுகள் வரும் இரவுகளில் வலையை விரித்தால் விடியும்போது அறுந்த துண்டே மிஞ்சும். ஆகவே அந்நாட்களில் கரையிலேயே இருந்துவிடும் குடும்பங்கள் பல. வாரத்தில் மூன்று நாள் உழைப்பின்றி இருப்பது கூலித்தொழிலாளிக்கு எவ்வளவு பெரிய காரியம் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

எதிர்க்கரையாரை ஏசுவதற்காக இதனைக் கூறவில்லை. கைதாகிச் சிறை செல்வோர் பெரும்பாலும் பங்குக்கும் கூலிக்கும் படகேறிய ஏழைகள். முதலிட்டவர் கரையில் இருக்கின்றார். அவர்களும் தமிழர், எமது மீனவரும் தமிழர். இரு கரையிலும் உயிரிழப்பு நேர்ந்திருக்கின்றது. மேலும், எமது கை முழுச் சுத்தமானது என்றும் சொல்வதற்கில்லை. குமரிமுனைக்கு அப்பாலுள்ள வெட்ஜ் திட்டிலே இலங்கை இழுவைக்கப்பல்கள் பல்லாண்டு மீன்வாரின. 1976ஆம் ஆண்டின் உடன்படிக்கை அத்திட்டை இந்தியாவின் எல்லைக்குட் சேர்த்த பின்னரே அது முடிவுக்கு வந்தது. எமது வடகரையிலேயே சிறிய இழுவைப்படகுகள் இருந்துள்ளன. டைனமைற் வெடிப்போரும், தடைசெய்த தங்கூசி வலையை விரிப்போரும் வேற்றூரார் அல்லர். 2017ஆம் ஆண்டிலே எமது பாராளுமன்றம் அடிமட்ட இழுவைமடியை முற்றாகத் தடைசெய்தது. வடபகுதி உறுப்பினர் ஒருவரின் தனிநபர் பிரேரணையாக வந்த சட்டம் அது. அயலாருக்கு ஒரு நியாயமும் எமக்கு வேறொரு நியாயமும் இல்லையென்று காட்டியமையால் அச்சட்டத்தை நாம் பெரிதும் மதிக்கின்றோம்.

எதிர்க்கரையிலும் முயற்சி இல்லாமல் இல்லை. ஆண்டுதோறும் சித்திரை தொடங்கி 61 நாள் விசைப்படகுகளுக்கு ஓய்வு விதித்திருக்கின்றனர். முன்பு அது 45 நாளாக இருந்தது. 2017ஆம் ஆண்டிலே 2,000 இழுவைப்படகுகளை நீக்கி ஆழ்கடலிற் சூரை பிடிக்கும் படகுகளைக் கொடுக்கத் திட்டம் வகுத்தனர். குறித்த காலத்தில் அதில் ஒரு சிறு பகுதிதான் நிறைவேறியது. கடன் சுமையும் ஆழ்கடற் பழக்கமின்மையும் தடையாக நின்றன என்பர்.

இவ்வளவு அவசரம் ஏன் எனக் கேட்பவர்க்குக் கனடா நாட்டின் நியூபவுண்ட்லாந்துக் கரையைக் காட்டுவோம். ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகள் கொட் என்னும் மீன் அக்கரையை ஊட்டியது. பெரிய இழுவைக்கப்பல்கள் பல நாடுகளிலிருந்தும் வந்து, 1968ஆம் ஆண்டில் மட்டும் எட்டு இலட்சம் தொன் வரை அள்ளின. மீன் குறைகின்றது, சிறுக்கின்றது என்று கரையோரச் சிறுமீனவர் முன்னரே முறையிட்டனர். கணக்கெழுதுவோர் அதனை மதிக்கவில்லை. 1992ஆம் ஆண்டு ஆடி மாதம் அரசு மீன்பிடியையே நிறுத்தியது. முப்பதினாயிரம் பேருக்கு மேல் ஒரே நாளில் தொழிலிழந்தனர். 2024ஆம் ஆண்டிலே, அதுவும் 18,000 தொன் அளவுக்கு மாத்திரமே, தடை நீக்கப்பட்டது. அந்தக் கடல் பரந்தது, ஆழமானது. எமதோ ஒரு குளத்தைப் போன்றது.

ஆயின் மீன் உண்பதை விட்டுவிட்டாற் போதுமே எனச் சிலர் கூறுவர். ஜீவகாருண்யத்தால் விடுபவரை நாம் வணங்குகின்றோம். அது தனிப்பெரு நெறி. ஆனால் இழுவைப்படகின் இறால் பெரும்பாலும் கடல்கடந்த நாடுகளின் மேசைக்குப் போவது. எமது வீட்டுச் சட்டி ஒன்று கவிழ்ந்ததனால் அப்படகு நிற்கப்போவதில்லை. தூண்டிலும் சிறுவலையும் கொண்டு பிழைக்கும் அயலூரான் வேண்டுமானால் ஒரு வாடிக்கையை இழப்பான். உண்பவர் செய்யக்கூடியது வேறொன்றுண்டு. சந்தையிலே விலையைக் கேட்கும் நாம், எதனாற் பிடித்தது என்றும் கேட்கலாம். விரலளவு மீன்குஞ்சைக் கூறுகட்டி வைத்திருந்தால், சினைநண்டு மலிவாகக் கிடைத்தால், வாங்காமல் நகரலாம். வெடியிற் செத்த மீனை அனுபவமுள்ள தாய்மார் தொட்டே அறிவர். அந்த அறிவை மருமக்களுக்கும் சொல்லிக்கொடுக்கட்டும்.

நாகபட்டினத்து நுளைப்பாடியிலே, அதாவது எமது கரைக்கு எதிர்க்கரையிலே, வாழ்ந்த அதிபத்த நாயனாரை நீங்கள் அறிவீர்கள். நாள்தோறும் அகப்பட்ட மீனில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலிலே விட்டவர். ஒரு மீனே அகப்பட்ட நாட்களிலும் அதனை விட்டு, பசியோடு வீடு திரும்பியவர். பொன்மீன் கதையைத்தான் பிரசங்கிகள் விரித்துரைப்பர். எமக்கோ அந்தப் பசித்த நாட்கள்தாம் நெஞ்சில் நிற்கின்றன. வறுமையிலும் கடலுக்குரிய பங்கை எடுக்காத ஒரு மீனவரை எமது சமயம் அறுபத்துமூவரில் ஒருவராக வைத்திருக்கின்றது.

இறுதியாக ஒரு வேலை. வலை அறுந்த மீனவர் நட்டஈடு கேட்கச் சென்றால் எந்த நாள், எந்த இடம், எத்தனை வலை, என்ன விலை என்று எழுத்திற் கேட்கின்றனர். இரவெல்லாம் கடலில் நின்றவருக்கு எழுத நேரமும் இல்லை, படிவங்களின் மொழியும் பழக்கமில்லை. வருகின்ற தை மாதம் முதல் சனிக்கிழமைதோறும் சங்கத்து இளைஞர் இருவர் இருவராகக் கரையோர மீனவர் சங்கங்களுக்குச் சென்று இந்தக் கணக்கை எழுதிக்கொடுக்க எண்ணியுள்ளோம். சைக்கிளும் பேனாவும் உள்ளவர் கூட்டம் முடிந்ததும் காரியதரிசியிடம் பெயரைப் பதியலாம். மரக்கறி உண்பவரும் வரலாம்; முன்வரிசை நண்பர் கட்டாயம் வரவேண்டும்.