மேஜை மேல் வைத்த காகிதம்

(பாம்பனில் ஒரு வாசகசாலையில் வெள்ளிக்கிழமை இரவு நடந்த கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



பார்லிமெண்டில் ஒரு நாள் என்ன நடக்கிறது என்பதைப் பற்றிப் பேச வேண்டுமென்று எனக்குக் கட்டளையிட்டிருக்கிறீர்கள். எனக்கு முன் பேசிய தோழர் கச்சத்தீவை மீட்டே தீருவோம் என்று ஆவேசமாய்ப் பேசி, உங்கள் கைதட்டலையெல்லாம் வாங்கிக் கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு மிச்சமிருப்பது ருசியில்லாத விஷயம். ஆனாலும் தோழர்களே, அந்தத் தோழர் எந்தக் கடலுக்காக அழுதாரோ அந்தக் கடல் போனது இந்த ருசியில்லாத விஷயத்திற்குள்ளேதான் என்பதைக் காட்டவே வந்திருக்கிறேன். நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டுமென்பதில்லை. சரியென்று உங்கள் புத்திக்குப் பட்டால் எடுத்துக் கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கடலில் போட்டுவிடுங்கள்.

இராமேசுவரம் கோயிலில் 22 தீர்த்தக் கிணறுகள் இருக்கின்றன. யாத்திரைக்காரன் ஒவ்வொரு கிணற்றண்டையும் போய்த் தலையைக் குனிகிறான்; மேலேயிருந்து ஒருவர் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டுகிறார்; ஈரத்தோடு அடுத்த கிணற்றுக்கு ஓடுகிறான். எந்தக் கிணறு எதற்கு என்று கேட்டால் அவனுக்குத் தெரியாது. பார்லிமெண்டின் அன்றாட அலுவலும் வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு அப்படித்தான் தோன்றுகிறது. காலை 11 மணிக்குச் சபை கூடுகிறது. முதல் ஒரு மணி நேரம் கேள்வி. பிறகு "மேஜை மேல் வைக்கப்படும் காகிதங்கள்". பிறகு அவசர விஷயங்களைக் கிளப்பும் நேரம். இதற்குச் "சூனிய நேரம்" என்று பெயர், சட்ட விதிப் புத்தகத்தில் இந்தப் பெயரே கிடையாது. பிறகு மசோதா. வெள்ளிக்கிழமையானால் கடைசி இரண்டரை மணி நேரம் மந்திரிகளல்லாத மெம்பர்களின் மசோதாவும் தீர்மானமும். இன்றுகூட வெள்ளிக்கிழமைதான்.

இவற்றுள் பத்திரிகைக்காரன் எதை எழுதுகிறான்? யார் கத்தினார்கள், யார் காகிதத்தைக் கிழித்தார்கள், எத்தனை முறை சபை தள்ளி வைக்கப்பட்டது என்பதைத்தான் எழுதுகிறான். மேஜை மேல் வைக்கப்பட்ட காகிதத்தைப் பற்றி ஒருவனும் எழுதுவதில்லை. அந்த நேரம் மிகவும் சின்ன நேரம். மந்திரி எழுந்திருப்பார், "இந்தக் காகிதத்தின் பிரதி ஒன்றை மேஜை மேல் வைக்கிறேன்" என்பார், உட்காருவார். மறுபடியும் ஒரு மந்திரி எழுந்திருப்பார். கல்யாண வீட்டில் மொய் எழுதுவது போல் மளமளவென்று முடிந்துவிடும். கம்பெனிக் கணக்கு, வருஷ அறிக்கை, சர்க்கார் விதிகள் எல்லாம் இப்படித்தான் வருகின்றன.

1974-ஆம் வருஷம் ஜூலை மாதம் 23-ந் தேதி இந்த மாதிரியான ஒரு நேரத்தில், அப்போதைய வெளிநாட்டு மந்திரி சுவரண்சிங் எழுந்து, இலங்கையோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தைப் பற்றி ஓர் அறிக்கை படித்து, ஒப்பந்தத்தின் பிரதியை மேஜை மேல் வைத்தார். அதுதான் கச்சத்தீவு ஒப்பந்தம். இராமநாதபுரம் தொகுதியின் மெம்பராக இருந்த மூக்கையாத் தேவர் எதிர்த்தார், இரா. செழியன் எதிர்த்தார், வடநாட்டு வாஜ்பாயியும் எதிர்த்தார். எதிர்த்து என்ன? சபையின் முன் ஓட்டெடுக்க ஒன்றுமில்லை. வைத்தது காகிதம், காகிதத்தை யாரும் தோற்கடிக்க முடியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த ஒப்பந்தத்தில் இரண்டு பிரதம மந்திரிகளும் கையெழுத்திட்டது 1974 ஜூன் 26, 28 தேதிகளில். அது அமுலுக்கு வந்தது ஜூலை 8-ந் தேதி. பார்லிமெண்டுக்குச் சொல்லப்பட்டது ஜூலை 23-ந் தேதி. அதாவது பிள்ளைக்குத் தாலி கட்டி, விருந்து முடிந்து, பந்தலையும் பிரித்த பிறகு, பெண்ணைப் பெற்றவனுக்குக் கலியாணப் பத்திரிகை வந்தது!

இது எப்படிச் சாத்தியமென்றால், வெளிநாட்டோடு ஒப்பந்தம் செய்வதற்குப் பார்லிமெண்டின் சம்மதம் முன்கூட்டி வேண்டுமென்று நமது அரசியல் சட்டத்தில் இல்லை. அமெரிக்காவில் செனட் சபையில் மூன்றில் இரண்டு பங்கு மெம்பர்கள் ஒப்பினால்தான் ஒப்பந்தம் உறுதியாகும். இங்கே மந்திரி சபை செய்கிறது; பார்லிமெண்டு தெரிந்துகொள்கிறது. ஆனால் நாட்டின் நிலத்தையே கொடுப்பதானால் சங்கதி வேறு. வங்காளத்தில் பேருபாரி என்ற இடத்தில் பாதியைப் பாகிஸ்தானுக்குக் கொடுப்பதென்று 1958-இல் ஒத்துக்கொண்டபோது, அரசியல் சட்டத்தைத் திருத்தாமல் கொடுக்க முடியாது என்று சுப்ரீம் கோர்ட்டு 1960-இல் அபிப்பிராயம் சொன்னது. அதற்காகவே 9-ஆவது திருத்தம் வந்தது. பங்களாதேஷோடு சிறு சிறு நிலத் துண்டுகளை மாற்றிக்கொள்ள 2015-இல் 100-ஆவது திருத்தம் செய்ய வேண்டியிருந்தது. அப்படியானால் கச்சத்தீவுக்கு ஏன் திருத்தமில்லை என்று கேட்டால், சர்க்கார் தரப்பு சொல்லும் பதில்: அது நம்முடையதென்று முடிவான நிலமல்ல, வழக்கில் இருந்த நிலம், ஆகவே நாம் கொடுக்கவில்லை, எல்லையைத்தான் தீர்மானித்தோம் என்பது. இராமநாதபுரம் ஜமீனின் பழைய தஸ்தாவேஜிகளைக் காட்டி அது நம்முடையதே என்று சொல்கிறவர்களும் உண்டு. அந்த வழக்கை வக்கீல்கள் பேசட்டும். ஒரு கரையின் பிழைப்பு முழுவதையும் தொடுகிற விஷயம் விவாதத்திற்கும் ஓட்டுக்கும் வராமல் வருஷ அறிக்கையோடு அறிக்கையாக மேஜைக்கு வரலாம் என்றால், அந்த மேஜையை நாம்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டுமென்பதே என் கட்சி.

அந்த முதல் ஒப்பந்தத்திலாவது 5-ஆவது ஷரத்தில், நம் மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே தீவுக்குப் போய் வரலாம், பாஸ்போர்ட்டு விசா வேண்டாம் என்றிருந்தது. 6-ஆவது ஷரத்தில் இரு நாட்டுப் படகுகளுக்கும் வழக்கமாயிருந்த உரிமைகள் என்று ஒரு பேச்சிருந்தது. மீன்பிடிப்பு அடியோடு மூடியது 1976 மார்ச்சு 23-ந் தேதி. அது ஒப்பந்தத்தோடு வந்ததுகூட அல்ல. இரண்டு நாட்டு வெளிநாட்டுச் செயலாளர்கள் பரிமாறிக்கொண்ட கடிதத்தில் வந்தது. ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடிக்கக் கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது. அந்தச் சமயம் எப்படிப்பட்ட சமயம்? நெருக்கடி நிலைமை. சென்னை மந்திரி சபை அவ்வருஷம் ஜனவரி 31-ந் தேதியே கலைக்கப்பட்டாகிவிட்டது. 1974 ஆகஸ்டில் ஒப்பந்தத்தை எதிர்த்துத் தீர்மானம் போட்ட சட்டசபை இப்போது இல்லை. பார்லிமெண்டிலோ, 1975 ஜூலையில் கூடியபோது கேள்வி நேரமே வேண்டாமென்று எடுத்துவிட்டிருந்தார்கள்.

கேள்வி நேரத்தை ஏன் முதலில் எடுத்தார்கள் என்பதை யோசியுங்கள். நீண்ட பிரசங்கத்திற்கு எந்த மந்திரியும் பயப்படுவதில்லை, கேள்விக்குத்தான் பயப்படுகிறான். இதற்கு ஓர் அத்தாட்சி இருக்கிறது. 1961-இல் பிரதம மந்திரி நேரு எழுதிய ஒரு குறிப்பு 2024-இல் பத்திரிகைகளில் வெளிவந்தது. அந்தச் சின்னத் தீவுக்குத் தாம் எந்த முக்கியத்துவமும் கொடுக்கவில்லை என்றும், விவகாரம் முடிவில்லாமல் இழுத்துக்கொண்டு பார்லிமெண்டில் திரும்பத் திரும்பக் கிளப்பப்படுவது தமக்குப் பிடிக்கவில்லை என்றும் அதில் எழுதியிருக்கிறார். முதல் பாதியைத்தான் எல்லாரும் மேடையில் சொல்லிக் கோபித்துக்கொண்டார்கள். நான் இரண்டாம் பாதியைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அவ்வளவு பெரிய மனிதருக்கே, யாரோ சில மெம்பர்கள் ஓயாமல் கேட்ட கேள்வி காலில் குத்திய முள்ளாக இருந்திருக்கிறது பாருங்கள்!

ஆதலால் கேள்வி கேட்பது எப்படியென்று தெரிந்துகொள்வோம். ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்வி 20. அதற்கு மந்திரி வாயால் பதில் சொல்ல வேண்டும். மெம்பர் துணைக்கேள்வி போட்டு மடக்கலாம். குறியில்லாத கேள்வி 230. அதற்கு எழுத்தில் பதில். யார் கேள்வி முதலில் வருவதென்று சீட்டுக் குலுக்கிப் போடுகிறார்கள். 15 நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு இலாகாவுக்கும் ஒரு கிழமை. 20 கேள்வியும் ஒரு மணி நேரத்திற்குள் வாய்ப்பதிலுக்கு வந்து சேர்வது அபூர்வம். 2009 நவம்பர் 30-ந் தேதி என்ன நடந்ததென்றால், கேள்வி கொடுத்திருந்த மெம்பர்களே வரிசையாகச் சபையில் இல்லாமற்போய், கேள்வி நேரம் பாதியில் நின்றுவிட்டது! கையெழுத்துப் போட்டால் தினப்படி உண்டு. கேள்விக்கு எழுந்து நிற்பதற்குத் தனிப்படி கிடையாதல்லவா?

நம்மவர்கள் கேட்கிற கேள்வியும் பல சமயம் சர்க்காருக்குச் சௌகரியமான கேள்வி. "மீனவர்கள் கைதானது சர்க்காருக்குத் தெரியுமா? என்ன நடவடிக்கை?" என்று கேட்டால், "தெரியும், இலங்கைச் சர்க்காரோடு பேசி வருகிறோம்" என்று பதில். அதை மாற்றி மாற்றி எத்தனை முறை கேட்டாலும் அதே பதில்தான். கேள்வியை மீன்வள இலாகாவுக்குப் போட்டால் வெளிநாட்டு இலாகா என்று கை காட்டவும் இடமிருக்கிறது.

ஒரு திருஷ்டாந்தம் சொல்லுகிறேன். 2017 ஜூலையில் பாக்கு நீரிணையில் இழுவைப் படகுகளை ஒழித்து, ஆழ்கடலில் சூரை பிடிக்கும் படகு கொடுப்பதென்று ஒரு திட்டம் ஆரம்பித்தார்கள். மூன்று வருஷத்தில் 2,000 படகு, மொத்தம் 1,600 கோடி ரூபாய், படகு ஒன்றுக்கு 80 லட்சம் என்று கணக்குச் சொன்னார்கள். மூன்று வருஷம் முடிந்து எத்தனையோ வருஷமாயிற்று. இந்த மண்டபம் நிறைய உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களில் அந்தப் படகு வாங்கினவர் கையைத் தூக்குங்கள் பார்ப்போம். (ஒருவரும் தூக்கவில்லை.) இப்போது கேள்வி எப்படியிருக்க வேண்டும்? இராமநாதபுரம் ஜில்லாவில் இன்று வரை எத்தனை பேர் மனுப் போட்டார்கள், எத்தனை பேருக்குப் படகு கிடைத்தது, எத்தனை படகு இன்று கடலுக்குப் போகிறது, எத்தனை கரையில் நிற்கிறது, பாங்குக் கடன் மறுக்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிக்கை எண்ணிக்கையாகக் கேட்க வேண்டும். எண்ணிக்கைக்குப் "பேசி வருகிறோம்" என்று பதில் சொல்ல முடியாது. "தகவல் சேகரிக்கப்படுகிறது" என்று சொன்னால் அது சபைக்குக் கொடுத்த வாக்குறுதியாகிவிடும். அதை நிறைவேற்றினார்களா என்று பார்க்கவே 1953 முதல் ஒரு கமிட்டி இருக்கிறது. அந்தக் கமிட்டிக்கு எழுதலாம்.

இதைச் சொல்லும்போது உங்களுக்குக் கசப்பாயிருக்கிற ஒன்றையும் சொல்லாமல் போனால் நான் யோக்கியனல்ல. அக்கரையில் வலை போடுகிறவனும் தமிழன்தான். நம் இழுவை மடி கடலடியை வாரிக்கொண்டு வரும்போது அவனுடைய சிறு வலையும் சேர்ந்து அறுந்து போகிறது. இலங்கை 2017-இல் இழுவை மடியையே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. தீவு நாளைக்கே நம் கைக்கு வந்தாலும் அங்கே மீன் இருக்க வேண்டுமே? (ஒரு தோழர்: கடன் வாங்கிப் படகு கட்டியவன் என்ன செய்வான்?) நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் பதிலில்லை. ஆனால் நீங்கள் கேட்டீர்களே, இதைத்தான் டெல்லியில் ஒரு மந்திரி எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டிய கேள்வியாக்க வேண்டும்.

எனவே நான் உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். இந்த வாசகசாலையில் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். பிடிபட்ட படகு, பிடிபட்ட தேதி, திரும்பி வந்ததா, அங்கேயே மக்கியதா, மீதிக் கடன் எவ்வளவு என்று வீட்டுக்கு வீடு எழுதி வையுங்கள். பார்லிமெண்டு கூடும் தேதி வெளியானவுடன் 150 வார்த்தைக்குள் கேள்வி எழுதி மெம்பர் கையில் கொடுப்போம். ஒரு கேள்விக்கு 150 வார்த்தைதான் அளவு. கொடுத்ததற்கு ரசீது கேட்போம். பதில் வந்தால் இதே இடத்தில் வாசித்துக் காட்டுவோம். வராவிட்டால் அதையும் வாசித்துக் காட்டுவோம்.

நாளை சனிக்கிழமை, விசைப்படகு போகிற நாள். டோக்கன் வாங்க வேண்டியவர்கள் இப்போதே பின்வரிசையில் எழுந்திருக்கிறார்கள். இன்னொரு தோழரும் பேச வேண்டியிருக்கிறது. நோட்டுப் புத்தகத்திற்கு நான் பத்து ரூபாய் கொடுத்துவிட்டு உட்காருகிறேன்.