குறிப்பு எழுதும் நேர்மை

குறுக்கெழுத்துப் புதிர் வெறும் பொழுதுபோக்கு என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் நாடாளுமன்றமும் உச்ச நீதிமன்றமும் ஒரு காலத்தில் அதனைக் கருத்துடன் ஆராய நேர்ந்தது.

1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்டு' இதழில் ஆர்தர் வின் என்பவர் வெளியிட்ட புதிரே இக்கலையின் தொடக்கம் எனப் போற்றப்படுகிறது. 1930களில் ஆனந்த விகடன் நடத்திய பரிசுப் போட்டிகள் தமிழரிடையே இதனைப் பரப்பின. பரிசுத்தொகை பெருகவே, குறிப்புகளின் நேர்மையும் கேள்விக்கு உள்ளாயிற்று. எடுத்துக்காட்டாக, "வாழ்வில் உயர இது வேண்டும்" என்று குறிப்புத் தந்து, 'ப' என்ற முதலெழுத்தையும் 'ம்' என்ற ஈற்றெழுத்தையும் காட்டுவதாகக் கொள்வோம். விடை பணமா, பலமா? இரண்டும் பொருந்தும். உறையிலிட்டு முத்திரை வைத்த விடைத்தாள் ஒன்றே அதனை அறியும். அங்கே அறிவுக்கு வேலையில்லை, அதிர்ஷ்டமே ஆள்கிறது.

1955ஆம் ஆண்டின் பரிசுப் போட்டிகள் சட்டம், மாதம் 1,000 ரூபாய்க்கு மேல் பரிசளிக்கும் இத்தகைய போட்டிகளைத் தடை செய்தது. 1957இல் உச்ச நீதிமன்றம், பெரிதும் திறமையைச் சார்ந்த போட்டிகளுக்கு அச்சட்டம் பொருந்தாது என்று விளக்கியது. சூதாட்டத்தையும் அறிவுப் பயிற்சியையும் பிரிக்கும் எல்லை இதுவே. குறிப்பு எழுதுவோர் தம் மனத்தில் பதிக்க வேண்டிய எல்லையும் இதுவே.

எல்லை என்றதும் திருப்புறம் நினைவுக்கு வருகிறது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. திருப்புறத்தை உள்ளடக்கிய நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நிலைத்தது. மொழிகள் அவ்வாறு கோடு கிழித்துப் பிரிவதில்லை. "தாகம் தீர்ப்பது, நான்கு எழுத்து" என்று அவ்வூரில் கேட்டால், மலையாளம் பழகிய சிறுவன் 'வெள்ளம்' என்பான். மதுரைச் சிறுவன் 'தண்ணீர்' என்பான். இரண்டும் நான்கு கட்டங்களே! தமிழில் இன்று வெள்ளம் என்பது பெருக்கெடுத்த நீரையே பெரும்பாலும் குறிக்கும். அவ்வாறே 'அவசரம்' நமக்கு விரைவு. மலையாளத்தில் அது வாய்ப்பு. மத்திய அரசில் மொழிபெயர்ப்புப் பணி செய்யும் எமக்கு இவ்வகைச் சொற்கள் நாள்தோறும் எதிர்ப்படுகின்றன.

ஆகவே குறிப்பு எழுதுவோர் மூன்றினைக் கருதுதல் நலம். முதலாவது, விடை ஒன்றாகவே இருத்தல் வேண்டும்; ஐயம் எழுமாயின், குறுக்கே செல்லும் சொல்லின் எழுத்து அதனைத் தீர்க்க வேண்டும். இரண்டாவது, குறிப்பில் வீண் சொல் இருத்தலாகாது. மூன்றாவது, மறைக்கலாம்; பொய்யுரைக்கலாகாது.

ஒன்று சொல்லிப் பார்ப்போம்: "உருக்கிச் சோற்றில் வார்ப்பதுடன் ஓர் எண் கூடிப் பூவார் அருகே கடல் சேரும், நான்கு எழுத்து." நெய்யும் ஆறும் புணர நெய்யாறு, தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வர இரட்டித்தது. எண்ணாகிய ஆறு, நதியாகிய ஆறாகவும் நின்று மயக்குகிறது. ஆயினும் சொல்லப்பட்டது யாவும் உண்மையே. விடை கண்டவர், "இது நமக்குத் தோன்றவில்லையே!" என்று மகிழ்வார்; ஏமாற்றப்பட்டதாக வருந்தார்.

வெளிமாநிலங்களில் வளரும் நம் குழந்தைகளுக்கு இது மிக வேண்டுவது. சரியான சொல்லை எழுதியும் தவறு என்று தள்ளப்பட்ட குழந்தை, குறிப்பைக் குறை கூறாது. தனக்குத் தமிழ் வராது என்றே முடிவு கட்டிவிடும். ஆதலின், விடுமுறை நாளில் ஐந்தைந்து கட்டங்கள் வரைந்து அவர்களுக்குப் புதிர் அமைத்துக் கொடுங்கள். குழந்தை எழுதிய வேறு சொல்லும் பொருந்துமாயின், அதற்கும் முழு மதிப்பெண் அளித்துவிட்டுக் குறிப்பைத் திருத்தி எழுதுங்கள்.