குளூட்டன் இல்லாச் சமையலும் அதைச் சொல்லித் தருபவரும்

குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள ஒரு புரதம். பரோட்டாவுக்கு மைதாவைப் பிசைந்து வீசும்போது கிழியாமல் விரிகிறதே, அந்த இழுவை இதனால்தான் வருகிறது. பெரும்பாலோர்க்கு இதனால் ஒரு கெடுதலும் இல்லை. செலியாக் நோய் உள்ளவர்க்கு மட்டும், இந்தப் புரதம் உள்ளே போனதும் உடலின் எதிர்ப்பு சக்தி சிறுகுடலின் உட்சுவரையே தாக்கத் தொடங்குகிறது. சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்துபோகின்றன. குழந்தைக்கு வளர்த்தி நின்றுபோகும், பேதி விடாது, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தும் இரத்தசோகை தீராது. இதைக் குணப்படுத்தும் மாத்திரை கிடையாது. குளூட்டன் கலக்காத சாப்பாட்டை வாழ்நாள் முழுக்கச் சாப்பிடுவதுதான் வைத்தியம். காரணம் கோதுமைதான் என்று நிறுவியவர் நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கெ. 1944, 45இல் அந்த நாட்டைப் பஞ்சம் பிடித்து ரொட்டி கிடைக்காமல் போனபோது, இந்த நோய் இருந்த பிள்ளைகள் தேறி வந்தார்கள். அவர் மனத்தில் முன்பே இருந்த சந்தேகம் அப்போது உறுதிப்பட்டது. 1950இல் அதை ஆய்வேடாக வெளியிட்டார்.

இந்தியாவில் மூன்று பகுதிகளில் நடத்தி 2016இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், வடக்கே ஆயிரம் பேரில் எட்டு ஒன்பது பேர்க்கு இந்த நோய் இருந்தது. தெற்கே பத்தாயிரம் பேரில் ஒருவர்க்குத்தான். பரம்பரைக் கூறும் அன்றாட உணவும் சேர்ந்துதான் இந்த வேறுபாட்டை உண்டாக்குகின்றன என்பது மருத்துவர்களின் கருத்து. புதுச்சேரியின் பாகூர் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்து, மூன்று வேளையும் அரிசியே தட்டில் விழும் ஊர்களில் இந்த நோய் அரிது என்பதில் வியப்பில்லை. ஆனால் அரிதாக இருப்பதில் ஒரு கஷ்டம் உண்டு. புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துகளில் நோய் வந்தவர்க்கு யோசனை கேட்க அக்கம்பக்கத்தில் இன்னொரு நோயாளி இருக்கமாட்டார். இணையத்தில் தேடினால் கிடைக்கும் சமையல் குறிப்பெல்லாம் சப்பாத்திக்கு மாற்று என்ன, ரொட்டிக்கு மாற்று என்ன என்றே பேசும். சாம்பாரைப் பற்றியோ இடியாப்பத்தைப் பற்றியோ அதில் ஒன்றும் இருக்காது.

அந்த இடைவெளியை நிரப்புபவர்தான் கைப்பேசியை வைத்துக்கொண்டு தன் அடுக்களையிலேயே படமெடுக்கும் தனி ஆள். அனேகமாக அவர் அந்த நோயுள்ள பிள்ளையின் தாயாக இருப்பார், அல்லது அவருக்கே நோய் இருக்கும். நிறுவனம் கிடையாது, உதவியாள் கிடையாது. சமைப்பதும் படமெடுப்பதும் பாத்திரம் கழுவுவதும் அவரே. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் 2018இல் தொடங்கிய யூடியூப் சேனலான வில்லேஜ் குக்கிங் சேனல் 2021இல் ஒரு கோடிச் சந்தாதாரரைத் தொட்டது. வயல்வெளியில் தாத்தாவும் பேரன்களும் அண்டா வைத்துச் சமைப்பதை யாரும் பார்க்கலாம், எந்த நாட்டவர்க்கும் பசி எடுக்கும். குளூட்டன் இல்லாச் சமையலைத் தமிழில் சொல்பவர்க்கு அந்தக் கூட்டம் ஒருநாளும் வராது. நோயாளிகளே குறைவு. நீள வீடியோ வழியாக யூடியூப் விளம்பரப் பணத்தில் பங்கு பெற ஆயிரம் சந்தாதாரரும், பன்னிரண்டு மாதத்துக்குள் 4000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அதைத் தாண்டிய பிறகு, நீள வீடியோவில் வரும் விளம்பர வருமானத்தில் 55 விழுக்காடு படைப்பாளிக்கு. பார்ப்பவர் குறைவாக இருக்கும்போது அந்த 55 விழுக்காடு கேஸ் சிலிண்டருக்கே காணாது.

ஆகவே இப்படிப்பட்டவர்க்கு ஊரார் செய்யும் உதவி பணத்தில் தொடங்குவதைவிட அரவை மில்லில் தொடங்குவது நல்லது. ஏன் மில் என்றால், அதற்குக் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். உணவுப் பாதுகாப்புத் தர ஆணையத்தின் விதிப்படி, குளூட்டன் இல்லாதது என்று விற்கும் பொருளில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. கோதுமை மாவில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு குளூட்டன். அப்படியானால் ஒரு கிலோ அரிசி மாவில் கால் கிராம் கோதுமை மாவு சேர்ந்தாலே எல்லை தாண்டிவிடும். கால் கிராம் என்பது ஒரு சிட்டிகை.

ஊர் மில்லில் என்ன நடக்கிறது? மிளகாய்க்குத் தனி மெஷின் இருக்கும். அரிசிக்கும் கோதுமைக்கும் பெரும்பாலும் ஒரே மெஷின்தான். முன்னால் வந்தவர் சப்பாத்திக்கு அஞ்சு கிலோ கோதுமை அரைத்துக்கொண்டு போயிருப்பார். அடுத்து வருபவர் தூக்கில் கொண்டுவந்த பச்சரிசி அதே கல்லில் விழும். கல்லின் இடுக்கிலும், மாவு இறங்கும் வாயில் கட்டிய துணியிலும் ஒட்டியிருக்கும் கோதுமை மாவு சிட்டிகைக் கணக்கில் அடங்காது, பிடிக்கணக்கில் இருக்கும். மற்றவர்க்கு இது பொருட்டே இல்லை. மிளகாய் வாடை அடித்தால் எல்லாரும் சண்டைக்குப் போவார்கள். கோதுமைக்கு வாடை இல்லை. வீட்டுக்கு வந்தபின் கோதுமை மாவு சலித்த அதே சல்லடையில் இதையும் சலித்தால் இன்னொரு பங்கு சேரும். இயற்கையிலேயே குளூட்டன் இல்லாத அரிசி, தட்டுக்கு வரும்போது கோதுமை கலந்து வருவது இப்படித்தான்.

ஒரு குளூட்டன் இல்லாச் சமையல்காரர் தன் ஊர் மில்காரரிடம் பேசி, வாரத்தில் ஒரு காலை மெஷினைத் தட்டித் துடைத்து, துணியை மாற்றி, முதலில் அரிசியும் கேழ்வரகும் மட்டும் அரைக்க ஏற்பாடு செய்தால், அவர் சொல்லும் ஒவ்வொரு குறிப்புக்கும் மதிப்பு கூடும். மில்காரர் அதற்குச் சம்மதிப்பது ஆயிரம் விருப்பக் குறிகளைவிடப் பெரிய உதவி. நேயர்களில் மில் வைத்திருப்பவர்கள் இருந்தால் இது அவர்கள் காதுக்கு. துடைத்த மெஷினிலும் கொஞ்சம் கோதுமை மாவு மிஞ்சலாம் என்பதால், நோயாளிக்கு அரிசியைக் கழுவி உலர்த்தி வீட்டு மிக்ஸியில் அரைத்து, தனிச் சல்லடையில் சலிப்பதே பாதுகாப்பான வழி.

அடுத்தது பெருங்காயம். கடையில் விற்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். பிசினின் காரத்தையும் வாடையையும் மட்டுப்படுத்த மாவு சேர்க்கிறார்கள். சிலவற்றில் அரிசி மாவு, சிலவற்றில் கோதுமை மாவு அல்லது மைதா. கட்டியாக இருப்பதால் சுத்தமானது என்று எண்ணிவிட முடியாது, அதிலும் மாவு உண்டு. அசல் பிசின் ஆப்கானிஸ்தானிலிருந்தும் ஈரானிலிருந்தும் வருகிறது. இமாசலப் பிரதேசத்தின் லாகௌல் பள்ளத்தாக்கில் 2020 அக்டோபரில்தான் இந்தியாவில் நட்டுப் பார்க்கத் தொடங்கினார்கள். நேயர்கள் அடுக்களைக்குப் போய் டப்பாவைத் திருப்பிப் பார்க்கலாம், ஆனால் உரை முடிந்த பிறகு போனால் போதும், டப்பா எங்கும் ஓடிவிடாது. சாம்பார், ரசம், புளியோதரை, ஊறுகாய் என்று பெருங்காயம் போகாத இடமில்லை. சர்க்கரைப் பொங்கலை நம்பிச் சாப்பிடும் நோயாளி புளியோதரைக்குத் தயங்குவது இதனால்தான். கேழ்வரகு சேமியா என்று எழுதிய பொட்டலத்தில் கோதுமை மாவும் சேர்ந்திருக்கலாம். சத்து மாவில் கோதுமையோ பார்லியோ இருக்கலாம். பாலில் கலக்கும் மால்ட் பானங்களில் பார்லியே மூலம். ஓட்டல் ரவா தோசையைச் சொல்லவே வேண்டாம், அதில் ரவையும் மைதாவும் சேர்கின்றன.

வில்லியனூரில் இன்னொரு கேள்வியும் எழும். அங்குள்ள லூர்து மாதா ஆலயம் 1877இல் கட்டியது. திருப்பலியில் தரும் அப்பம் கோதுமையில் செய்தது. குளூட்டன் அறவே இல்லாத அப்பத்தைத் திருச்சபை ஏற்பதில்லை, மிகக் குறைந்த குளூட்டன் உள்ளதை ஏற்கிறது. 2017இல் வத்திக்கான் இதை மறுபடி தெளிவுபடுத்தியது. அதுவும் ஒத்துக்கொள்ளாதவர் திராட்சை இரசத்தை மட்டும் பெறலாம். பங்குத் தந்தையிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் போதும். உள்ளூரில் இருந்து சொல்பவர்க்குத்தான் இதைச் சொல்லத் தோன்றும். மும்பையிலிருந்து பாதாம் மாவு ரொட்டி சுட்டுக் காட்டுபவர்க்குத் தோன்றாது. சொல்லப்போனால் பாகூர்க்காரருக்குப் பாதாம் மாவு ரொட்டி வீண் செலவு. இட்லி, இடியாப்பம், புட்டு, கொழுக்கட்டை, கம்பங்கூழ் எல்லாமே கோதுமை இல்லாமல் பிறந்தவை. அவற்றைக் கலப்பில்லாமல் செய்து காட்டுவதுதான் இங்கே வேலை.

உள்ளூர்ச் செய்தியை உள்ளூரார் தாங்கி நடத்துவது இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துத் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. கணினியும் கம்பியில்லாக் கருவியும் நிறுவனம் கொடுத்தது. இடத்தை ஊர் கொடுத்தது, ஊர்க்காரர்களே உட்கார்ந்து நடத்தினார்கள். எம்பலத்தில் கோயில் இடத்தில் மையம் நடந்தது. வீராம்பட்டினத்தில் அன்றைய அலை உயரத்தை ஒலிபெருக்கியில் மீனவர்க்கு அறிவித்தார்கள். ‘நம்ம ஊரு செய்தி’ என்று ஓர் இதழும் வெளிவந்தது. ஊர்ச் சங்கமோ மகளிர் சுய உதவிக் குழுவோ குளூட்டன் இல்லாச் சமையல்காரர்க்கு ஒரு கூடத்தைக் கொடுத்து, மாதம் ஒரு செய்முறை வகுப்பு நடத்தச் சொல்லி அதற்குச் சம்பளம் தந்தால், யூடியூப் தருவதைவிட அது கூடுதலாகவே இருக்கும்.

பார்ப்பவர் பக்கத்து உதவியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வீடியோவை இறக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படைப்பாளிக்கு ஒரு பைசா வராது, பார்வைக் கணக்கிலும் சேராது. இணைப்பை அனுப்புவதே சரி. நன்றாக இருந்தது என்று எழுதுவதைவிட, எந்த அரிசியில் செய்தார், மாவு எவ்வளவு தண்ணீர் இழுத்தது என்று எழுதினால் அடுத்த குறிப்பு திருந்தும். பணம் கொடுக்க விரும்பினால் ஜிபேயில் நேராக அனுப்பலாம், இடையில் யாருக்கும் பங்கு போகாது.

படைப்பாளிக்கும் ஒரு கடமை உண்டு. பொருளோ பணமோ வாங்கிக்கொண்டு ஒரு மாவைப் புகழ்ந்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை இதற்கு வழிகாட்டி வெளியிட்டது. கோதுமையை விட்டால் சர்க்கரை நோய் போகும், மூட்டுவலி போகும் என்று பேசத் தொடங்கும் சேனலுக்கு ஆதரவை நிறுத்திக்கொள்வதே நியாயம். நோயோ ஒவ்வாமையோ இல்லாதவர் கோதுமையைக் கண்டு பயப்பட எந்தக் காரணமும் இல்லை.

நோய் இருக்குமோ என்று சந்தேகிப்பவர் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிட்டால் இரத்தப் பரிசோதனையிலும் குடல் திசுப் பரிசோதனையிலும் நோய் தெரியாமல் போகலாம். முதலில் புதுச்சேரி ஜிப்மர் போன்ற மருத்துவமனையின் குடல் நோய்ப் பிரிவுக்குப் போய்ப் பரிசோதித்துக்கொள்ளுங்கள், அடுக்களையை மாற்றுவது அதற்குப் பிறகு.