மறதி நோய் வந்த வீட்டைச் சங்கம் தனியே விடக் கூடாது

(சங்கத்தின் பதுளை மாவட்டத் தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிமார் கூட்டத்தில் எமது அமைப்பாளரும் தோட்டப் பாடசாலை ஆசிரியையுமான தோழி ஆற்றிய உரை)



சம்பளம், வீடு, காணி என்று பேசும் கூட்டத்தில் மறதி நோயைப் பற்றிப் பேச நேரம் கேட்டபோது, "டீச்சர், இது ஆஸ்பத்திரிக்காரங்க பேச வேண்டியது இல்லையா?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். பிறகு இது சங்கத்தின் வேலையா இல்லையா என்று நீங்களே சொல்லுங்கள்.

என் அம்மாயி நமுனுகுலைப் பக்கத் தோட்டமொன்றில் நாற்பது வருசம் கொழுந்து எடுத்தவர். எழுபது வயதைத் தாண்டிய பிறகு ஒருநாள் விடியற்காலை எழும்பி, படங்கைக் கட்டிக்கொண்டு பெரட்டுக்குப் போய் நின்றார். "ஆயா, ஒங்க பேரு வெட்டிப் பல வருசமாச்சே" என்று கங்காணி திருப்பி அனுப்பினார். மறுநாளும் போனார். முதலில் நாங்கள் சிரித்தோம். பிறகு சாப்பிட்டதை மறந்து, "எனக்குச் சோறு போடல" என்று லயத்து வாசலில் நின்று அழத் தொடங்கினார். அக்கம்பக்கத்தில் எங்கள் மேல் பழி விழுந்தது. காத்துக் கருப்பு என்று கோடாங்கி பார்த்தோம். நேர்த்தி வைத்தோம்.

நான் அப்போது புதிதாகப் படிப்பிக்கப் போன ஆசிரியை. வகுப்பில் பிள்ளைகளைக் கேட்பது போல, "நேத்து என்ன சாப்பிட்டீங்க, யோசிச்சுச் சொல்லுங்க" என்று அவரை மடக்கினேன். பதில் தெரியாமல் அவர் அழுதார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அம்மா மலைக்குப் போக வேண்டும். அம்மாயியைத் தனியாக விட்டால் கானுக்குள் விழுந்துவிடுவார், அடுப்பில் கை வைத்துவிடுவார். அதனால் சில நாள் அம்மா காம்பராக் கதவை வெளியே பூட்டிவிட்டுப் போனார். பகல் கொழுந்து நிறுத்ததும் ஓடி வந்து திறப்பார். பூட்டாமல் வீட்டில் நின்ற நாளுக்குப் பேர் விழாது. பூட்டிப் போன நாளில் மலையில் நின்றுகொண்டே அழுவார். அம்மாயி கண் மூடும் வரை மூன்று வருசம் இப்படித்தான் போனது. யாரையும் கையை உயர்த்தச் சொல்ல மாட்டேன். உங்கள் லயங்களிலும் அப்படிப் பூட்டிய கதவு உண்டு என்பது உங்களுக்குத் தெரியும்.

தோழர்களே, இது பேயும் இல்லை, பாவமும் இல்லை, வெறும் வயசுக் கோளாறும் இல்லை. மூளையில் வருகிற நோய். 1901ஆம் ஆண்டு ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் அகுஸ்டே டீட்டர் என்ற பெண்ணை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவரைப் பார்த்த டாக்டர்தான் அலோய்ஸ் அல்சைமர். 1906இல் அந்தப் பெண் இறந்த பிறகு மூளையைச் சோதித்து, அதில் கண்ட மாற்றங்களை அவர் எடுத்துச் சொன்னார். அவர் பெயரே நோய்க்கும் வந்தது. முதுமை மறதி பல வகை. அதில் பாதிக்கு மேல் இந்த அல்சைமர் நோய்தான். ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அந்தப் பெண்ணுக்கு வயது 51. நம் மலைகளில் 51 வயது அம்மாமார் இன்னும் கூடை சுமக்கிறார்கள். நிரையை மறந்தால், கொழுந்தோடு முற்றல் இலையையும் பறித்தால், அவர்களுக்குக் கிடைப்பது ஏச்சும் அரைப்பேரும்தான். ஒருவேளை அது நோயாக இருக்கலாம் என்று யார் நினைக்கிறோம்?

எத்தனை பேருக்கு வருகிறது? ராகம பகுதியில் 65 வயது தாண்டிய சுமார் 700 பேரைக் களனிப் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஆராய்ந்து 2003இல் முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்கு நான்கு பேருக்கு நோய் இருந்தது. அந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால், 65 தாண்டியவர்கள் நூறு பேர் இருக்கிற தோட்டத்தில் நான்கு குடும்பங்கள் இந்தப் பாட்டைப் படுகின்றன.

ஆனால் நம் ஆட்களைச் சோதிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. அம்மாயியை ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். திகதி என்ன, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள், ஒரு வசனம் எழுதுங்கள் என்றார்கள். வாழ்நாளில் பேனா பிடிக்காதவர், சம்பளத்துக்குப் பெருவிரல் வைத்தவர். எழுதாதது நோயாலா, பள்ளிக்கூடம் போகாததாலா? இந்தக் கேள்வியை உலகத்திலும் கேட்டிருக்கிறார்கள். நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்கினர் வாழும் ஏழை நாடுகளில் பத்தில் ஒரு பங்கு ஆராய்ச்சிகூட நடக்கவில்லை என்று சொல்லி, 1998இல் கொச்சியில் கூடியவர்கள் 10/66 என்ற பெயரிலேயே ஆராய்ச்சிக் குழு அமைத்தார்கள். படிப்பில்லாதவரையும் சரியாகச் சோதிக்கும் முறையை உருவாக்கினார்கள். முதியவரிடம் கேட்பதோடு, வீட்டாரிடமும் கேட்க வேண்டும்: முன்பு செய்த வேலையை இப்போது செய்கிறாரா, வழி தெரிகிறதா, சாமானை எங்கே வைத்தோம் என்று தெரிகிறதா? சென்னையிலும் வேலூர்க் கிராமங்களிலும் இந்த முறையில் பார்த்தபோது, பழைய அளவுகோலில் அகப்படாத பலர் தெரிய வந்தார்கள். ஆகவே டாக்டரிடம் போகும்போது, எப்போதிருந்து என்ன மாறியது என்று ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டு போங்கள். எழுதத் தெரியாவிட்டால் பாடசாலைக்கு வாருங்கள், நாங்கள் எழுதித் தருகிறோம்.

டாக்டரிடம் கட்டாயம் காட்ட வேண்டும். தைரொயிட் குறைவு, பி12 குறைவு, மனச்சோர்வு, கிருமித் தொற்று இவையும் மறதி போலத் தெரியும். அவற்றுக்கு வைத்தியம் உண்டு. தோட்ட மருந்தகத்தில் துண்டு வாங்கிப் பதுளைப் பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் பேசலாம்.

அல்சைமரை மாற்றும் மருந்து இன்னும் இல்லை. 2023இல் அமெரிக்காவில் அனுமதித்த லெக்கனமாப் என்ற மருந்து, ஆரம்ப நிலையில் நோயின் வேகத்தைச் சற்றுக் குறைக்கிறது. அதற்கு ஸ்கேனும் தொடர்ந்து ஊசியும் வேண்டும். அதை நம்பி இருக்க முடியாது. ஆனால் 2024இல் லான்செட் ஆணைக்குழு சொன்னதைக் கேளுங்கள்: 14 காரணங்களைச் சரிசெய்தால் உலகில் ஏறக்குறைய பாதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும். சிறுவயதில் படிப்பில்லாமை, காது கேளாமை, கண் பார்வைக் குறைவு, பிரசர், சீனி, மது, புகை, தனிமை எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. பெண்பிள்ளையைப் பாதியில் பள்ளியிலிருந்து நிறுத்துவது, அவள் முதுமையையும் பாதிக்கிறது என்று இதற்கு அர்த்தம். சாராயத்தை எதிர்த்து மாதர் சங்கம் செய்கிற வேலையும் இதற்குள்தான் வருகிறது.

நோய் வந்த பிறகு யார் கைகொடுப்பது? கொழும்பில் லங்கா அல்சைமர் மன்றம் 2001இலிருந்து வேலை செய்கிறது. பதுளையிலிருந்து அது ஒரு பகல் பயணம். நமக்குப் பொருத்தமான உதாரணம் கோவாவில் இருக்கிறது. டாக்டர்கள் குறைந்த ஊர்களில் சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து 81 குடும்பங்களில் சோதித்துப் பார்த்தார்கள். பதினைந்து நாளைக்கு ஒருமுறையாவது வீட்டுக்குப் போவார்கள். நோயை விளங்கப்படுத்துவார்கள், எப்படிப் பேசுவது என்று காட்டுவார்கள், அரசாங்க உதவிக்கு வழி சொல்வார்கள். ஆறு மாதத்தில், பார்த்துக்கொள்கிறவர்களின் மன வேதனை குறைந்தது. 2008இல் முடிவு வெளிவந்தது.

இதை நம்மாலும் செய்ய முடியும். எங்கள் பக்கத்துக் காம்பரா அக்கா அதைத்தான் செய்தார். அம்மாயி படங்கைத் தேடும்போது, "பெரட்டு இன்னிக்கு லேட்டாம், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவோம்" என்பார். கொஞ்சம் கறிவேப்பிலையை மடியில் போட்டு உருவச் சொல்வார். அம்மாயி ஒரு மணி நேரம் அமைதியாக இருப்பார். அந்த ஒரு மணி நேரம் எங்களுக்குப் பெரிய உதவி.

ஆகவே நான்கு விஷயங்களை முன்வைக்கிறேன்.

ஒன்று: ஒவ்வொரு தோட்டத்திலும் மாதர் சங்கம் முறைப் பட்டியல் போட வேண்டும். வேலையிலிருந்து நின்ற அம்மாமார் இருவர் அரைநாள் அந்த வீட்டில் போய் இருந்தால், ஒரு கதவு பூட்டாமல் இருக்கும்.

இரண்டு: பிள்ளைக் காம்பரா இருப்பது போல, பகலில் முதியவர்கள் இருக்க ஓர் அறை கேட்போம். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டம் இருக்கிறது. கிராமங்களில் உள்ளது போல முதியோர் குழு நம் தோட்டங்களிலும் இயங்க வேண்டும்.

மூன்று: வேலையில் மறதி காட்டுகிற தொழிலாளிக்கு, டாக்டர் பார்க்கும் முன் தண்டனை கூடாது. இதை அடுத்த பேச்சுவார்த்தையில் நிர்வாகத்திடம் வைப்போம்.

நான்கு: பார்த்துக்கொள்வதற்காக வேலையை விட்டு எழுதிக்கொடுக்கும் முன் சங்கத்திடம் வாருங்கள். மறதி வந்தவரின் சேமலாப நிதி, சர்வீஸ் காசு எதற்கும் தனியே பெருவிரல் வாங்க யாரையும் விடாதீர்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் தோட்டத்தில் எத்தனை வீடு என்ற எண்ணிக்கையை மட்டும் கொண்டு வாருங்கள். பெயர் வேண்டாம், வீட்டாரின் மானம் முக்கியம். பட்டியலில் முதல் முறைக்கு என் அம்மா வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.