படைத்தொழில் விட்டு வீடு வந்தவர்



படைச் சேவையில் ஓய்வு பெற்று வரும் உறவினர் ஒருவரை வரவேற்கக் குடும்பத்தார் ஒன்றுகூடுவது தகுமா, தகுமெனின் எவ்வாறு கூடவேண்டும் என்பதைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்தீர்கள். வேறோர் ஊரில் இது ஒரு கேள்வியே அன்று. தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஓய்வு பெற்ற சிப்பாயை மேளதாளத்தோடும் மாலையோடும் ஊர்வலமாக அழைத்துச் செல்கின்றார்கள். தன்னாமுனையில் அக்கேள்வியைக் கேட்டவுடன் சபையில் ஒரு மௌனம் விழுகின்றது. அந்த மௌனத்தின் காரணத்தை நாம் எல்லோரும் அறிவோம். 1990 செப்டம்பர் 9ஆந் திகதி நம் அயலூராகிய சத்துருக்கொண்டானில் நேர்ந்ததை அறியாதவர் இங்கு யார்? சீருடை என்றவுடன் சிலருக்கு நெஞ்சு நடுங்கினால் அதனைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை.

ஆயினும் நம் சமயத்தின் பெரிய நூலிலேயே ஒரு படைத்தலைவரின் ஓய்வு சொல்லப்பட்டிருக்கின்றது. சிறுத்தொண்ட நாயனாரை எல்லோரும் அறிவர். பிள்ளைக்கறி என்ற ஒன்றையே நினைத்து, அவர் அதற்கு முன்னர் யாராக இருந்தார் என்பதை மறந்துவிடுகின்றோம். அவர் பெயர் பரஞ்சோதியார். வைத்திய நூலும் வடநூலும் படைக்கலத் தொழிலும் கற்றவர். யானையேற்றமும் குதிரையேற்றமும் வல்லவர். பல்லவ மன்னனுக்காக வாதாபி நகரை அழித்து, யானையும் குதிரையும் மணிக்குவையுங் கொண்டு வந்தவர். அவ்வெற்றி 642ஆம் ஆண்டளவில் நிகழ்ந்ததென்றும், அம்மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் என்றும் சரித்திர ஆசிரியர் கூறுவர்.

பின் நடந்ததைச் சேக்கிழார் கூறுமாறு கேளுங்கள். அரசன் அவர் வீரத்தை வியந்தபோது, "இவர் சிவனடியார்; ஆதலால் இவரை எதிர்ப்பார் இல்லை" என்று அமைச்சர்கள் சொன்னார்கள். வென்றவன் மகிழவில்லை, நடுங்கினான். ஓர் அடியாரைக் கொடும்போரில் ஏவிவிட்டேனே என்று பொறுக்குமாறு வேண்டினான். பரஞ்சோதியாரோ தமக்குரிய தொழிலைத் தாம் செய்ததாகவே அமைதியாக விடை கூறினார். பொன்னும் பொருளும் கொடுத்து, இனி உமது திருத்தொண்டைச் செய்யும் என்று மன்னன் விடைகொடுத்தான். அவர் நேரே தம் ஊராகிய திருச்செங்காட்டங்குடிக்கு வந்து, கணபதீச்சரத்துப் பெருமானை வணங்கினார். திருவெண்காட்டு நங்கையாரை மணந்து, நாள்தோறும் அடியாரை அமுது செய்வித்தபின்னரே தாம் உண்டார். வாதாபியை வென்றவர் என்ற பட்டம் அவ்வூரில் நிலைக்கவில்லை. அடியார் முன் தம்மைச் சிறியராக்கிக் கொண்டதால் வந்த சிறுத்தொண்டர் என்ற பெயரே நிலைத்தது. அனுப்பியவன் மன்னிப்புக் கேட்ட ஒரு பிரியாவிடையை நான் வேறெங்கும் படித்ததில்லை!

நம் நாட்டிலும் ஒன்று சொல்லலாம். 1949இல் தோன்றிய இலங்கைத் தரைப்படைக்கு 1955இல் முதலாவது இலங்கைத் தளபதியாக வந்தவர் தமிழர், அன்ரன் முத்துக்குமாரு. 1959இன் முடிவில் ஓய்வு பெற்றபோது அவருக்கு வயது 51தான். பின் வெளிநாடுகளில் இலங்கையின் தூதுவராயிருந்தார். 1987இல் இலங்கையின் படைச் சரித்திரத்தை ஆங்கிலத்தில் நூலாக்கினார். அக்காலம் போயிற்று. அதன்பின் படையில் தமிழர் அருகினர். 1983க்குப் பின் வந்ததைச் சொல்லவேண்டியதில்லை. 2004இல் இயக்கம் பிளவுண்டபோது ஒரே வளவில் வளர்ந்த பிள்ளைகளே எதிரெதிரே நின்றார்கள்.

இனிக் கூட்டத்தைப் பற்றி. ஓய்வு என்றவுடன் நரைத்தவரை நினையாதீர்கள். இலங்கையில் சாதாரண சிப்பாய்க்கு 22 ஆண்டிலும், இந்தியாவில் 15 ஆண்டிலும் பென்சன் உரிமை வருகின்றது. வருகிறவர் நாற்பது வயதுக்காரர். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கின்றன. அவருக்கு மாலையைவிட ஒரு தொழில் வேண்டும். அதைப் பற்றி மச்சான்மார் அன்றே பேசவேண்டும். முதல் மாலை மனைவிக்கு. அத்தனை ஆண்டும் வேலிகட்டி, வயல் பார்த்து, காய்ச்சல் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்றவள் அவள் அல்லவா? தாய்மாமனார் வட்டாவில் வெற்றிலை கொடுக்கட்டும், பெண்கள் குரவையிடட்டும். வெடி மாத்திரம் வேண்டா. அது கொண்டாட்டமென்று கொளுத்துகிறவனுக்குத் தெரியும்; அடுத்த வளவிலிருக்கும் கிழவிக்குத் தெரியாது.

"மாமா, எத்தனை பேரைச் சுட்டீர்கள்?" என்று மருமக்கள் கேட்கக் கூடாது. அவர் சொல்ல விரும்பினால் தாமே சொல்வார். அயலில் பிள்ளையைப் பறிகொடுத்த வீடு இருந்தால், கூட்டத்துக்கு முதல் நாள் குடும்பத்துப் பெரியவர் அவ்வீட்டுக்குச் சென்று சொல்லிவிட்டு வரவேண்டும். அவர்கள் வராவிட்டால் மனத்தாங்கல் கொள்ளலாகாது.

சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். சிறுத்தொண்டர் குருபூசை சித்திரைப் பரணியில் வருகின்றது. அன்று அன்னதானம் செய்வோம். எந்தச் சீருடையைக் கழற்றி வந்தவராயினும், எந்தச் சீருடையால் பிள்ளையை இழந்தவராயினும், வர விரும்புவோரை அழைப்போம். இதற்கு உடன்படாத பெரியோர் இச்சபையில் இருக்கின்றார்கள். அவர்கள் காரணமும் எனக்குத் தெரியும். அவர்களுடைய சம்மதம் பெற்ற பின்னரே திகதியை அறிவிக்கவேண்டுமென்பது என் கருத்து. செயற்குழு அடுத்த கூட்டத்தில் இதனை எடுத்துக்கொள்ளுமாறு கேட்டு அமர்கின்றேன்.