வார்சாவைக் கட்டிய கைகள்

(நாமக்கல் வட்டாரத்தில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் தோழர் ஒருவர் பேசியது)



போலந்தின் தலைநகர் வார்சாவில் என்ன பார்த்தாய் என்று கேட்கிறீர்கள். பழைய நகரத்துச் சதுக்கத்தைப் பார்த்தேன். சுற்றிலும் நானூறு வருஷத்துக் கட்டடங்கள் போன்ற வீடுகள். ஆனால் அந்தச் சுவர்களுக்கு ஏறக்குறைய என் வயதுதான்!

1943-ல் யூதர்களை அடைத்து வைத்திருந்த பகுதியை நாஜிகள் தரைமட்டமாக்கினார்கள். 1944 ஆகஸ்டு முதல் தேதி நகரமே எழுந்தது. 63 நாள் போராடித் தோற்றது. பிறகுதான் கொடுமை! ஜனங்களைத் துரத்திவிட்டு, வீடு வீடாக நெருப்பு வைத்தார்கள், வெடி வைத்தார்கள். அப்படி ஓர் ஊரே இருக்கக்கூடாது என்பதுதான் ஹிட்லரின் எண்ணம். 1945 ஜனவரி 17-ல் சோவியத் படையும் போலந்துப் படையும் நுழைந்தபோது, விஸ்துலா நதியின் இடது கரையில் நூற்றுக்கு எண்பது கட்டடங்களுக்கு மேல் பாழ்.

தலைநகரை வேறு ஊருக்கு மாற்றலாம் என்றுகூடப் பேச்சு எழுந்தது. ஜனங்களோ திரும்பி வந்து இடிபாட்டுக்குள்ளேயே குடியிருந்தார்கள். உடைந்த செங்கல்லைப் பொறுக்கி, ஒட்டிய காரையைச் சுரண்டி மறுபடி அடுக்கினார்கள். ஒருவர் கல் வைக்க, இருவர் எடுத்துக்கொடுக்க, மூன்று பேர் கோஷ்டி. நம்மூர்க் கொத்தனாரும் சித்தாளும்தான், வேறென்ன! 18-ஆம் நூற்றாண்டில் பெல்லோட்டோ என்ற இத்தாலியர் தீட்டிய ஓவியங்களையும், நாஜிகள் கண்ணில் படாமல் ஒளித்து வைத்த வரைபடங்களையும் பார்த்து ஜன்னல் ஜன்னலாகக் கட்டினார்கள். 1953 ஜூலையில் சதுக்கம் திறக்கப்பட்டது.

எப்படி முடிந்தது? 1945 அக்டோபர் 26-ல் பிறந்த உத்தரவின்படி நகரத்து நிலம் நகரசபைக்குச் சொந்தமாயிற்று. மனை தனியார் கையில் கிடந்திருந்தால், ஒரு தெரு போடவே வருஷக்கணக்கில் கோர்ட்டு வாசலில் நின்றிருப்பார்கள். வீட்டுமனைப் பட்டாவுக்காகத் தாலுகா ஆபீஸ் படியேறி இறங்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டுமா? சொந்தக்காரர்களில் பெரும்பாலோருக்கு நஷ்டஈடு கிடைக்கவில்லை. அது தவறுதான், அதை நான் மறைக்கவில்லை.

1989-ல் ஆட்சி மாறியது. பழைய பாத்தியதைகளை அற்ப விலைக்கு வாங்கிய வியாபாரிகள் முளைத்தார்கள். குடியிருப்போரோடு சேர்த்து வீடுகள் கை மாறின, வாடகை ஏறியது, கிழவர்களும் கிழவிகளும் தெருவுக்கு வந்தார்கள். அவர்களுக்காகச் சங்கம் வைத்துப் போராடியவர் யோலாந்தா ப்ஷெஸ்கா என்ற அம்மையார். 2011 மார்ச்சில், நகரின் ஓரத்துக் காட்டில் எரிந்த உடலாகக் கிடந்தார்.

"எங்கள் எல்லோரையும் உங்களால் எரித்துவிட முடியாது" என்று அவர் முகத்தை வரைந்து, அதே வார்சாவின் சுவர்களில் எழுதினார்கள்.